வேலூரில் எஸ்டிஆர் ரிசீவர் வாங்கினால் என்னென்ன பிடிக்க முடியும்? எந்த மாடல் வாங்கலாம்?

எஸ்டிஆர் என்றால் சிக்னலைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் மென்பொருளே செய்யும் ரேடியோ. மாடலைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். ஆர்டிஎல்2832யு சிப் உள்ள யூஎஸ்பி டாங்கிளே போதும். டிவி பார்ப்பதற்காக வந்த சாதனம் அது. அதைப் பல வேலை செய்யும் ரேடியோவாகத் திருப்பிக்கொள்ளலாம் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் ட்யூனர் ஆர்820டி2 ஆக இருந்தால் சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும். டிசிஎக்ஸ்ஓ, அதாவது வெப்ப மாற்றத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும் ஆஸிலேட்டர், உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நம்ம ஊர் மே மாதச் சூட்டிலும் அலைவரிசை அதிகம் நகராது. மிச்சக் காசை ஆன்டெனாவுக்கும் ஒயருக்கும் ஒதுக்குங்கள். சிக்னலைப் படமாகவோ எழுத்தாகவோ மாற்றும் (டீகோட் செய்யும்) மென்பொருள் பெரும்பாலும் இலவசம்தான், ஆனால் ஆன்டெனாவுக்கு வந்து சேராத சிக்னலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

முதலில் விமானங்களைப் பிடித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு பயணிகள் விமானமும் தன் இடம், உயரம், வேகத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டே பறக்கிறது. டம்ப்1090 என்ற மென்பொருளை ஓடவிட்டால் சென்னை, பெங்களூரு விமானங்கள் வரைபடத்தில் நகர்வது தெரியும். ஏழு சென்டிமீட்டர் கம்பி ஆன்டெனாவே போதும். கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் மலைகள் எங்கள் மாடிக்கு அந்தப் பக்கத்தை மறைக்கின்றன. அதனால் சென்னையில் இறங்கும் விமானம் தாழ்ந்து வரவர என் திரையிலிருந்து காணாமல் போய்விடும். உங்கள் வீட்டிலிருந்து எந்தத் திசை திறந்திருக்கிறது என்பதை ஒரு மாலை நேரம் இதை ஓடவிட்டாலே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது வானிலைச் செயற்கைக்கோள். எனக்கு இதுதான் உயிர். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய வழிகாட்டிகள் எல்லாம் அமெரிக்காவின் நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்களிலிருந்து தொடங்கச் சொல்லும். அவை மூன்றும் 2025 ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் நிறுத்தப்பட்டுவிட்டன. அந்த அலைவரிசைகளில் காத்திருந்து பயனில்லை. இப்போது தேட வேண்டியது ரஷ்யாவின் மீட்டியர்-எம் என்2-3, என்2-4 ஆகிய இரண்டையும்தான், 137.9 அல்லது 137.1 மெகாஹெர்ட்ஸில் வரும். ஆன்டெனாவை நீங்களே செய்யலாம். சுமார் 53 சென்டிமீட்டர் அலுமினியக் கம்பி இரண்டு, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஸ்க்ரூ கனெக்டர் ஒன்று, டிஷ் டிவி ஒயர் கொஞ்சம். கம்பிகளை 120 டிகிரி விரித்து, தரைக்கு இணையாகப் படுக்கவைத்து, விரிந்த பக்கம் வடக்கையோ தெற்கையோ பார்க்கும்படி வையுங்கள். துருவங்கள் வழியாகச் சுற்றும் செயற்கைக்கோள் என்பதால் அந்தத் திசையில்தான் வரும், போகும். சாட்டம்ப் மென்பொருளில் டீகோட் செய்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் படம் வரிவரியாக இறங்கும். டிஜிட்டல் சிக்னல் என்பதால் பலவீனமானால் படம் மங்காது. அந்த இடத்தில் கறுப்புப் பட்டைதான் விழும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் திரளும் மேகத்தை, டிவியில் சொல்வதற்குக் காத்திராமல், உங்கள் மாடியிலேயே எடுத்துப் பாருங்கள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

அப்புறம் ஷார்ட்வேவ், அதாவது தொலைதூர நாடுகளிலிருந்தும் வந்து சேரும் சிற்றலை. இங்கேதான் வீட்டு இரைச்சல் படுத்தி எடுக்கும். எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் இணைப்பு எல்லாம் வாட்டர்ஃபால் திரையில் (சிக்னல்களை நேரப்படி நிறங்களாகக் காட்டும் படத்தில்) கோடுகோடாகக் கொட்டும். லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள், வீட்டு இன்வெர்ட்டரையும் சேர்த்து. கோடுகள் மறைந்தால் காரணம் உங்கள் வீட்டுக்குள். மறையாவிட்டால் பக்கத்து வீடுகளில். தெரு முழுக்கக் கரண்ட் போகும் நேரத்தை நான் வீணாக்குவதே இல்லை, அப்போது திரை அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஜவ்வாது மலைப் பக்கம் போகும் வாய்ப்பிருந்தால் டாங்கிளையும் நீளமான ஒயர் ஒன்றையும் எடுத்துப் போங்கள். வீடுகள் குறைந்த இடத்தில் அதே கருவி வேறு கருவி மாதிரி வேலை செய்யும்.

ஷார்ட்வேவ் பெரும்பாலும் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், ட்யூனரைத் தாண்டி சிக்னலை நேராக எடுக்கும் டைரக்ட் சாம்ப்ளிங் வசதியோ, சிக்னலை மேல் அலைவரிசைக்கு ஏற்றித் தரும் அப்கன்வெர்ட்டரோ உள்ள டாங்கிள் வேண்டும். அது இருந்தால் 14.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 முயலுங்கள்; அமெச்சூர் ரேடியோக்காரர்கள் குறுஞ்செய்தி பரிமாறும் டிஜிட்டல் முறை அது. காதுக்கே எட்டாத அளவு இரைச்சலில் புதைந்த சிக்னலையும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற மென்பொருள் எழுத்தாக்கிவிடும். 15 விநாடிக்கு ஒரு சுற்று என்பதால் கம்ப்யூட்டர் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ஓரிரு விநாடி பிசகினாலே எதுவும் வராது. திரையில் வரும் அழைப்புக் குறி ஒய்பி என்று தொடங்கினால் இந்தோனேசியா, ஜேஏ என்றால் ஜப்பான், வியூ (VU) என்றால் நம்மவர்.

காவல்துறைப் பேச்சு, அடுத்தவர் உரையாடல் பக்கம் மட்டும் போகாதீர்கள்; சட்டச் சிக்கல் இருக்கட்டும், அது முறையும் இல்லை. பதில் அனுப்பும் ஆசை வந்தால் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த டாங்கிளால் கேட்க மட்டும்தான் முடியும், எனவே அதற்கு வேறு கருவி வேண்டும்.