சூடு காட்டியும் எச்எஸ்பி70 கூடவில்லையே, ஏன்?

கேள்வி: முதுகலை உயிரியல் தொழில்நுட்பம் படிக்கிறேன். ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களுக்கு வெப்ப அதிர்ச்சி கொடுத்தால் எச்எஸ்பி70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் கூடும் என்பதைப் புராஜெக்டில் காட்ட வேண்டும். காலியாக இருந்த ஒரு இன்குபேட்டரை 42 டிகிரி செல்சியஸில் வைத்து, டிஷ்களை ஒரு மணி நேரம் உள்ளே வைத்தேன். எடுத்த கையோடு டிரைட்டான் என்ற மென்மையான சோப்புப் பொருள் கலந்த பஃபரில் செல்களை உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததில் 30 மைக்ரோகிராம் எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, வேண்டியதை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) செய்தேன். கன்ட்ரோலிலும் தடித்த பேண்ட், சூடுபட்டதிலும் அதே தடித்த பேண்ட். ஒருமுறை சூடுபட்டதில் சற்று மங்கலாகக்கூட வந்தது. கைடு ஆன்டிபாடியை மாற்றிப் பார்க்கச் சொல்கிறார். வாங்குவதற்கு முன் வேறு எதையாவது சரிபார்க்க வேண்டுமா?

பதில்: ஆன்டிபாடியைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த மங்கலான பேண்ட்தான் என் கண்ணில் பட்டது. ஏற்கெனவே இருக்கிற எச்எஸ்பி70 ஒரு மணி நேரச் சூட்டில் அழிந்துபோகக்கூடிய புரதம் அல்ல. செல்லுக்குள்தான் இருந்திருக்கிறது. நீங்கள் எடுத்து ஜெல்லில் ஏற்றிய பகுதியில்தான் இல்லை. பெரும்பாலும் அது சுற்றியபோது அடியில் படிந்து, நீங்கள் கீழே கொட்டிய பெல்லட்டோடு போயிருக்கும்.

காரணம் அந்தப் புரதத்தின் வேலையிலேயே இருக்கிறது. வெப்பம் ஏறும்போது செல்லில் உள்ள சில புரதங்களின் மடிப்பு தளர்கிறது. வழக்கமாக உள்ளே மறைந்திருக்கும், தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் வெளியே தெரியவரும். அப்படிப்பட்ட புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்கும். எச்எஸ்பி70 அந்தப் பகுதிகளைப் பிடித்துக்கொண்டு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, பிடித்தும் விட்டும் அவை மறுபடி சரியாக மடிய வாய்ப்புக் கொடுக்கிறது. ஆகவே சூடு பட்டதும் சைட்டோபிளாசத்தில் தாராளமாகக் கரைந்திருந்த எச்எஸ்பி70-இல் ஒரு பங்கு திரள்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது; இன்னொரு பங்கு நியூக்ளியசுக்குள், குறிப்பாக நியூக்ளியோலசுக்குள் நுழைகிறது. டிரைட்டான் செல் சவ்வை உடைக்கும். திரள்களையும் நியூக்ளியசையும் முழுதாகக் கரைக்காது. சுற்றினால் இரண்டும் அடியில் தங்கும்.

எனவே முதல் மாற்றம், செல்களை உடைக்கும் முறையில். மீடியத்தை எடுத்துவிட்டு, பிபிஎஸ் உப்புக்கரைசல் கொண்டு ஒருமுறை கழுவி, 2 சதவீத எஸ்டிஎஸ் (திரள்களையும் கரைக்கும் வலுவான சோப்புப் பொருள்) உள்ள பஃபரை நேராக டிஷ்ஷிலேயே விட்டுச் சுரண்டி எடுங்கள். 95 டிகிரியில் 5 நிமிடம். டிஎன்ஏ வெளிவந்து கோழையாக இழுக்கும். மெல்லிய ஊசியில் சில தடவை உறிஞ்சி விட்டாலோ, சோனிகேட்டர் கொஞ்சம் காட்டினாலோ இளகிவிடும். இந்தக் கட்டத்தில் பழக்கதோஷத்தில் குழாயை ஐஸில் செருகாதீர்கள். எஸ்டிஎஸ் குளிரில் வெள்ளையாகப் படியும். பிபிஎஸ்ஸில் பொட்டாசியம் இருந்தால் இன்னும் மோசம். புரத அளவை பிசிஏ முறையில் எடுங்கள், பிராட்ஃபோர்டு முறை எஸ்டிஎஸ்ஸைத் தாங்காது. மெர்காப்டோஎத்தனாலையும் நீலச் சாயத்தையும் அளந்து முடித்த பிறகு சேருங்கள்.

ஆனால் உங்கள் சோதனையின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் பார்த்த நேரம் தவறு.

எச்எஸ்எஃப்1 என்ற புரதத்திலிருந்துதான் இந்தப் பதில்வினை தொடங்குகிறது. அமைதியான செல்லில் அது ஒற்றை மூலக்கூறாக, எச்எஸ்பி90, எச்எஸ்பி70 போன்ற துணைப் புரதங்களின் பிடியில் செயலற்றுக் கிடக்கும். மடிப்புக் குலைந்த புரதங்கள் பெருகியதும் துணைப் புரதங்கள் அவற்றைக் கவனிக்கப் போய்விட, எச்எஸ்எஃப்1 விடுபட்டு மும்மூன்றாகச் சேர்ந்து, டிஎன்ஏவில் தனக்கென உள்ள இடங்களில் போய் உட்கார்ந்து எச்எஸ்பி70 மரபணுவை ஓடவிடுகிறது. இதெல்லாம் நிமிடக் கணக்கில் நடந்துவிடும். சூட்டினால் தூண்டப்படும் மனித எச்எஸ்பி70 மரபணுக்களில் இன்ட்ரானே (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) கிடையாது. வெப்பம் கூடினால் ஆர்என்ஏ வெட்டி ஒட்டும் வேலையே தடுமாறும். வெட்ட வேண்டிய துண்டே இல்லாததால் இந்த ஆர்என்ஏவுக்கு அந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

இவ்வளவு வேகமாக ஆர்என்ஏ வந்தாலும் புரதம் உடனே குவிவதில்லை. சூட்டில் செல் தன் பொதுவான புரதத் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. எச்எஸ்பி70-இன் ஆர்என்ஏவுக்கு முன்னுரிமை கிடைக்கும் என்றாலும், வெஸ்டர்ன் பிளாட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவு வித்தியாசம் சேர மணிக்கணக்கில் ஆகும். நீங்களோ சூடு முடிந்த அதே நிமிடத்தில் செல்லை உடைத்துவிட்டீர்கள்.

இந்தத் துறை தொடங்கிய கதையிலேயே இந்த இடைவெளி இருக்கிறது. இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈ வகையொன்றின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்குபேட்டரின் வெப்பநிலையை யாரோ ஏற்றிவிட, குரோமோசோம்களில் வழக்கத்தில் இல்லாத இடங்களில் புடைப்புகள் தெரிந்தன. 1962-இல் அதை வெளியிட்டார். அவர் கண்டது ஆர்என்ஏ எழுதப்படும் இடங்களை. அதனால்தான் நிமிடங்களில் தெரிந்தது. அதே சூட்டில் உருவாகும் புரதங்களை டிசியேர் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் அடையாளம் காட்டியது 1974-இல்.

ஆகவே 42 டிகிரியில் ஒரு மணி நேரம் முடிந்ததும் டிஷ்ஷை 37 டிகிரிக்குத் திருப்பி வையுங்கள். 0, 2, 4, 8, 24 மணி என்று ஐந்து டிஷ் போதும். 4 முதல் 8 மணிக்குள் ஏற்றம் தெளிவாகத் தெரிய வேண்டும். எச்எஸ்பி70 நீடித்து நிற்கும் புரதம் என்பதால் 24 மணியிலும் பெரும்பாலும் இருக்கும். 0 மணி டிஷ் வீண் என்று விட்டுவிடாதீர்கள், அதற்கு வேறொரு வேலை வைத்திருக்கிறேன்.

அடுத்து, அது உண்மையிலேயே 42 டிகிரிதானா? இன்குபேட்டரின் திரை காட்டுவது உள்ளே உள்ள காற்றின் வெப்பநிலையை. காற்று மந்தமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். 37-இலிருந்த மீடியம் 42-ஐத் தொடுவதற்குள் உங்கள் ஒரு மணி நேரத்தில் கணிசமான பகுதி கரைந்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் உள்ளது இன்னும் பிந்தும். டிஷ்ஷின் விளிம்பைப் பாரஃபிலிமால் இறுக்கிச் சுற்றி வாட்டர் பாத்தில் மிதக்கவிடுவதுதான் நம்பகமான வழி. செல் இல்லாத ஒரு டிஷ்ஷில் அதே அளவு மீடியம் ஊற்றி, தெர்மாமீட்டர் முனையை அதற்குள் வைத்துப் பாருங்கள். இங்கே அரை டிகிரி கூட விளையாடும். 41-இல் பதில்வினை மெலிந்திருக்கும். 45-க்குப் போனால் புரதத் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோய், பல செல்கள் மீளாமலே சாகும். "இன்னும் கொஞ்சம் சூடு கொடுத்தால் இன்னும் நன்றாகக் கூடும்" என்று நினைத்து எச்எஸ்பி70-ஐயே காணாமல் போக்கியவர்கள் நிறையப் பேர்.

வாட்டர் பாத்தில் கார்பன் டையாக்சைடு இருக்காது. பைகார்பனேட் மீடியம் காரமாகி இளஞ்சிவப்பு ஊதா நிறத்துக்குப் போகும். 20 மில்லிமோலார் ஹெப்பிஸ் என்ற பஃபரைச் சேர்த்துக்கொண்டால் தாங்கும். கன்ட்ரோல் டிஷ்ஷுக்கும் அதே ஹெப்பிஸ், அதே பாரஃபிலிம், 37 டிகிரி வாட்டர் பாத்தில் அதே ஒரு மணி நேரம். அது பாட்டுக்கு இன்குபேட்டரில் நிம்மதியாக இருந்தால் அது கன்ட்ரோல் ஆகாது.

கன்ட்ரோலில் ஏன் அவ்வளவு தடித்த பேண்ட் என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஹீலா ஒரு புற்றுநோய்ச் செல். சூடு காட்டாமலே அதில் எச்எஸ்பி70 நிறைய இருக்கும். எச்ஈகே293 என்ற வேறொரு மனிதச் செல்லுக்கு மாறலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அதில் இருக்கும் அடினோவைரஸின் ஈ1ஏ புரதமே எச்எஸ்பி70 மரபணுவைத் தூண்டிவிடும். மீடியம் மாற்றுவதும் கெடுக்கும். சீரம் இல்லாமல் இருந்த செல்லுக்குச் சீரம் கொடுத்தாலே அந்த மரபணு விழித்துக்கொள்கிறது என்பது 1985-லேயே வெளியான செய்தி. டிரிப்சின் போட்டுப் பிரித்து மறுநாளே சோதனை செய்வது, உறைநிலையிலிருந்து எடுத்த முதல் வாரத்திலேயே பயன்படுத்துவது, டிஷ் நிரம்பி வழியும் வரை விடுவது, இவை எல்லாமே செல்லுக்கு நெருக்கடிதான். பிரித்து வைத்து 48 மணி நேரமாவது விட்டு, முக்கால் பங்கு நிறைந்திருக்கும்போது, மீடியத்தைத் தொடாமல் தொடங்குங்கள். உங்களுக்குச் செல்லைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால் எலி ஃபைப்ரோபிளாஸ்ட் எடுப்பேன். அடிப்படை அளவு மிகக் குறைவாக இருப்பதால் ஏற்றம் பளிச்சென்று தெரியும். எல்லாச் செல்லும் இதற்குத் தோதானது என்று எண்ணிவிட வேண்டாம். முதிர்ந்த இயக்க நியூரான்களில் எச்எஸ்எஃப்1 லேசில் எழாது. தொடக்கநிலைக் கருவின் செல்களும் சூட்டுக்கு இப்படிப் பதில் சொல்வதில்லை. செல் வளர்ந்து தனக்கென ஒரு தொழிலை ஏற்கும் பாதையில் இந்தத் திறன் வருவதும் போவதும் உண்டு.

இரண்டாவது காரணம்தான் உங்கள் கைடு நினைப்பது. எப்போதும் செல்லில் இருக்கும் எச்எஸ்சி70, சூட்டில் வரும் எச்எஸ்பி70-க்குக் கூடப்பிறந்தது மாதிரி. வரிசையில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒன்றே. எடையும் மிக நெருக்கம். சாதாரண 10 சதவீத ஜெல்லில் இரண்டும் ஒரே பேண்டாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஆன்டிபாடி இரண்டையும் பிடிப்பதாக இருந்தால், எச்எஸ்சி70-இன் பெரிய பேண்டுக்கு அடியில் எச்எஸ்பி70-இன் ஏற்றம் மறைந்துவிடும். தரவுத்தாளில் தூண்டப்படும் வடிவத்தை மட்டும் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சி92எஃப்3ஏ-5 என்ற குளோன் அப்படிப்பட்டது. வெறுமனே "எச்எஸ்பி70" என்று மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். 30 மைக்ரோகிராமும் இதற்கு அதிகம். 5 முதல் 10 போதும். எக்ஸ்போஷர் நிறைந்துபோன பேண்டில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தாலும் தெரியாது.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: ஒரு டிஷ்ஷில் எம்ஜி132 மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் விட்டு, 37 டிகிரியிலேயே 6 முதல் 8 மணி நேரம் வையுங்கள். செல்லில் புரதங்களை உடைக்கும் புரோட்டியசோம் அடைபட்டு, அழிய வேண்டிய புரதங்கள் தேங்கி, சூடே இல்லாமல் எச்எஸ்பி70 ஏறும். அந்த லேனில் பேண்ட் தெளிவாகக் கூடினால் ஆன்டிபாடியைக் குறை சொல்ல முடியாது, உங்கள் சூட்டிலோ நேரத்திலோதான் கோளாறு. அதிலும் கூடவில்லை என்றால் கைடு சொல்வதைக் கேட்டு ஆன்டிபாடியை மாற்றுங்கள். இதற்குப் பதிலாக ஆய்வகத்தில் கிடைக்கிறதே என்று டியூனிகாமைசினைப் போடாதீர்கள். அது எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் நெருக்கடியை உண்டாக்கும். அங்கே ஏறுவது 78 கிலோடால்டன் எடையுள்ள பிப் என்ற வேறு புரதம். அதே குடும்பம் என்பதால் கண்டதையும் பிடிக்கும் ஆன்டிபாடி அதையும் காட்டிக் குழப்பும்.

இப்போது 0 மணி டிஷ். அதில் எச்எஸ்எஃப்1-ஐப் பாருங்கள். தூண்டப்பட்ட எச்எஸ்எஃப்1-இல் பாஸ்பேட்டுகள் நிறைய ஏறுவதால் ஜெல்லில் மெதுவாக ஓடி, கன்ட்ரோலைவிடப் பேண்ட் மேலே நிற்கும். 8 சதவீத ஜெல், பாஸ்பேட்டேஸ் தடுப்பான்கள், கூடவே கொஞ்சம் பொறுமை வேண்டும். எச்எஸ்பி70-க்கு அருகிலேயே ஓடும் என்பதால் தனி ஜெல்லில் பாருங்கள். பேண்ட் மேலே போயிருந்தால் சூடு செல்லை எட்டிவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

லோடிங் கன்ட்ரோலுக்கு (எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் ஏறியதா என்று பார்க்க) ஆக்டினை மட்டும் நம்புவதைவிட, மெம்பிரேனில் பான்சோ சாயம் போட்டு மொத்தப் புரதத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. டிரைட்டானில் ஆக்டினும் ஒரு பகுதி பெல்லட்டுக்குப் போகக்கூடியதே.

ஆர்டி-பிசிஆரும் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கி அளக்கும் முறை) செய்வதாக இருந்தால் சூடு முடிந்து 1 முதல் 2 மணிக்குள் ஆர்என்ஏ எடுங்கள், புரதத்துக்குக் காத்திருந்தது போல 8 மணி வரை போக வேண்டாம். மேலே சொன்ன இன்ட்ரான் இல்லாத விஷயம் இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்பும். இன்ட்ரானைத் தாண்டிப் பிரைமர் வைக்கும் வழக்கமான தந்திரம் இந்த மரபணுவில் பலிக்காது. ஆர்என்ஏவோடு ஒட்டிவந்த டிஎன்ஏவும் அதே அளவுத் துண்டைக் கொடுக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத ஒரு குழாயையும் சேர்த்து ஓட்டுங்கள். அதில் வளைகோடு எழுந்தால் டிஎன்ஏஸ் கொடுத்து ஆர்என்ஏவை மறுபடி சுத்தம் செய்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.