புளோரிடா செல்லும் பயணிகளும் கஞ்சாச் சட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: என் அரிசோனா மருத்துவக் கஞ்சா அட்டை ஆர்லாண்டோவில் செல்லுமா?

பதில்: செல்லாது. புளோரிடா வாக்காளர்கள் 2016-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு இசைந்தார்கள் என்றாலும், அம்மாநிலம் பிற மாநில அட்டைகளை ஏற்பதில்லை. அங்கேயே வசிப்பவர்களும், ஆண்டுதோறும் தொடர்ந்து 31 நாட்களாவது அங்கு தங்கும் பருவகாலவாசிகளுமே அட்டை பெற முடியும். வெளிமாநில நோயாளிகளுக்குத் தற்காலிக உரிமம் தருவது ஓக்லஹோமா மாநிலம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 2024 வாக்கெடுப்பில் புளோரிடாவில் பெரும்பான்மையினர் மருத்துவம் சாராத பொதுப் பயன்பாட்டை ஆதரித்தார்களே?

பதில்: ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 60 தேவைப்பட்டதால் தோற்றது.

கேள்வி: அம்மாவின் மூட்டுவலிக்கு எந்த அளவு சரி?

பதில்: அதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் பையில் கஞ்சா கலந்த இரண்டு கம்மி (gummy) மிட்டாய்கள் மட்டுமே. 20 கிராமுக்குக் குறைந்தால் சிறு குற்றம்தானே?

பதில்: பயணிகள் பெரிதும் ஏமாறும் இடம் இதுதான். 20 கிராம் வரை வைத்திருப்பது, ஓராண்டுச் சிறையும் 1000 டாலர் அபராதமும் வரை போகக்கூடிய சிறு குற்றம் என்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகை செடிப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. பிரித்தெடுத்த பிசினையும் அதிலிருந்து செய்த பண்டங்களையும் சட்டம் அந்தச் சலுகையிலிருந்து விலக்கிவிட்டதால், வேப் (மின்-சிகரெட்) எண்ணெயும் கம்மியும் எவ்வளவு சிறிதானாலும் ஐந்தாண்டுச் சிறை வரை செல்லக்கூடிய பெருங்குற்றமாகலாம்.

கேள்வி: மறுக்கிறேன். கொலராடோவில் ரசீதுடன் வாங்கினேன், அதுவும் குற்றமா?

பதில்: கொலராடோவின் அனுமதி கொலராடோவின் எல்லையோடு முடிகிறது. மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதைக் கூட்டாட்சிச் சட்டமும் தடுக்கிறது. எங்கே வாங்கினீர்கள் என்பதைத்தான் உங்கள் ரசீது காட்டும்; அது உங்களுக்கு எதிரான சான்றாகவே பயன்படும்.

கேள்வி: விமானத்தில் கொண்டுபோகலாமா?

பதில்: மேலே சொன்னேன். கூடாது.

கேள்வி: நெவாடா அட்டை?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். அபராதம் கட்டினால் முடிந்துவிடாதா?

பதில்: முடியாது, குடியுரிமை இல்லாத ஒவ்வொருவரையும் நான் எச்சரிப்பது இதற்காகத்தான். சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராமுக்கு மிகாத கஞ்சாவை ஒரே ஒருமுறை வைத்திருந்த குற்றத்துக்கு நாடுகடத்தலிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பும்போது நுழைவு மறுக்கப்படுவதை அவ்விலக்கு தானாகத் தடுக்காது. தண்டனையே இல்லாவிட்டாலும், குற்றத்தை அதிகாரியிடம் ஒப்புக்கொள்வதே மறுப்புக்குப் போதுமானதாகலாம். ஆகவே கைது நேர்ந்தால், எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரை அணுகுங்கள்.