குரூப்பிலிருந்து தூக்கினால் வழக்குப் போடலாமா?

ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் கோயில் திருவிழாக் கணக்குக் கேட்டாராம், கமிட்டிப் பொருளாளர்தான் அட்மின், உடனே தூக்கிவிட்டாராம். பேச்சுச் சுதந்திரம் போய்விட்டது, உயர் நீதிமன்றம் போகலாமா என்கிறார்.

போக முடியாது. அரசியலமைப்பில் பேச்சுச் சுதந்திரம் தருகிற 14ஆம் உறுப்புரை, அது மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் போக வழி தருகிற 126ஆம் உறுப்புரை எல்லாம் அரசின் செயலுக்கு எதிராகத்தான், அட்மின் அரசாங்கம் இல்லை. குட் மோர்னிங் பூப்படம் போடுகிறவர்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் தூக்கியது அநியாயமாக இருக்கலாம், ஆனால் வழக்கு இல்லை.

எனக்குப் பயம், மூன்று பக்கக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரிதான். ஆத்திரத்தில் புதுக் குரூப் தொடங்கி, பொருளாளரைப் பற்றி "கோயில் காசைத் தின்ற கள்ளன், வேதக்காரக் குடும்பம், அடித்து விரட்டுங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள்.

கள்ளன் என்றதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்கு வரும், போட அவருக்கு 2 வருடம் இருக்கிறது. குற்றவியல் அவதூறு 2002இலேயே போய்விட்டது என்று யாரோ சொன்னது சரிதான், நட்டஈடு போகவில்லையே! சொன்னது உண்மை என்றால் மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். அப்புறம், ஆதாரம் என்று நீங்கள் சொல்கிற சம்பளத் துண்டு, கோயிலுக்குக் காசு பிடித்ததைத்தான் காட்டும், தின்றதைக் காட்டாது.

மீதி வார்த்தைகள் இன்னும் மோசம், வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர், அவர்களை அடித்து விரட்டச் சொல்கிறீர்கள். 2007இன் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தில் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம்) மத வெறுப்பைத் தூண்டினால் 10 வருடம் வரை. நீதவான் பிணை தர முடியாது, விசேட காரணம் காட்டி மேல் நீதிமன்றத்தில்தான் வாங்க வேண்டும். கடைசியில் குற்றமே இல்லை என்றாகலாம், அதுவரை உள்ளே இருப்பது நீங்கள்தானே. 2019இல் ஒரு சிறுகதைக்காக இதே சட்டத்தில் பிடிபட்டவர் நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார்.

என்னிடம் வந்த ஒருவர், எதிர்த்தரப்பு சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதத்தைப் படம் பிடித்து, "மிரட்டுகிறார்கள் பாருங்கள்" என்று பழைய வசவோடு திரும்பக் குரூப்பில் போட்டார். மன்னிப்போடு முடிந்திருக்க வேண்டியது, மூன்று வருடம் நுவரெலியாவுக்கு பஸ் ஏற வைத்தது.

அதனால் இன்றைக்கே அந்தப் பதிவைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அழியுங்கள். அதே குரூப்பில் இரண்டு வரி மன்னிப்பு, அதில் "ஆனால்" வரக் கூடாது, வொய்ஸ் வேண்டவே வேண்டாம். கணக்கைக் கமிட்டியிடம் எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.