தாத்தா பாட்டி வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் விசைப்படகில் கடலுக்குப் போகிறான், மருமகள் நண்டு கம்பெனியில் வேலை செய்கிறாள். எட்டு வயதுப் பேரனும் நான்கு வயதுப் பேத்தியும் பெரும்பாலான நேரம் எங்களிடம்தான் இருக்கிறார்கள். எழுபதைக் கடந்த என் கணவர் காற்று, நீரோட்டம், தனுஷ்கோடியை அழித்த புயல் என்று பேரனிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். படித்து வேறு வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள் என்று மருமகள் வருத்தப்படுகிறாள். நாங்கள் செய்வது தவறா?
(ஒரு பாட்டி, தங்கச்சிமடம்)

பதில்: தவறில்லை, அம்மா. உங்கள் மகன் நிம்மதியாகக் கடலுக்குப் போவதும் மருமகள் நேரத்துக்கு வேலைக்குச் சேர்வதும் வீட்டில் நீங்கள் இருவரும் இருப்பதால்தான் நடக்கின்றன என்பதை முதலில் வீட்டிலுள்ள எல்லோரும் உணர வேண்டும். தான்சானியாவில் கிழங்கு தோண்டியும் வேட்டையாடியும் வாழும் ஹட்சா மக்களிடையே மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், தாய் கைக்குழந்தையோடு இருக்கும் காலத்தில் மூத்த குழந்தையின் உடல் தேறுவது பாட்டி தோண்டிக் கொண்டுவரும் கிழங்கைப் பெரிதும் சார்ந்திருந்தது தெரியவந்தது. பிள்ளை பெறும் வயதைக் கடந்த பிறகும் பெண்கள் நெடுங்காலம் வாழ்வதற்கே இந்த உழைப்பு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். நம் கரையோர வீடுகளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால், சம்பளம் இல்லாத காரணத்தால் இந்த உழைப்பை நாம் உழைப்பாகவே எண்ணுவதில்லை. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வேலை முடிந்து களைத்து வரும் தாய்க்குச் சோறூட்டவும் வீட்டுப்பாடம் பார்க்கவும் தூங்க வைக்கவுமே பொழுது சரியாக இருக்கும். ஒரே கேள்வியைப் பேரன் பத்தாவது முறை கேட்டாலும் நின்று பதில் சொல்லும் அவகாசம் தாத்தாவிடம்தான் இருக்கிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசை பிரித்து அறியவும், எந்தக் காற்றில் கடல் எப்படி மாறுகிறது என்று கவனிக்கவும் பழகும் சிறுவன் கடலுக்குத்தான் போவான் என்பதில்லை. எதையும் உற்றுப் பார்த்துக் காரணம் தேடும் பழக்கம் அவனுக்கு வருகிறது, அது அறிவியல் பாடத்துக்கும் உதவும். இதை மருமகளிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

புயலைப் பற்றிச் சொல்லும் முறையில் மட்டும் சிறிது கவனம் வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவில் பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன செய்தியை எட்டு வயதுப் பிள்ளை படுக்கப் போகும் நேரத்தில் கேட்க வேண்டியதில்லை. பகலில் சொல்லட்டும், தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள் என்பதையும், பாம்பன் துறைமுகத்தில் இன்று எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

செல்லத்தைப் பொறுத்தவரை, மருமகள் பக்கமும் நியாயம் இருக்கக்கூடும். அவள் வேண்டாம் என்ற தின்பண்டத்தை மறைவாக வாங்கிக் கொடுப்பதும், அவள் கண்டிக்கும்போது குறுக்கே புகுந்து பிள்ளையை அணைத்துக்கொள்வதும் அவளுடைய சொல்லுக்குப் பிள்ளைகளிடம் மதிப்பில்லாமல் செய்துவிடும். உணவு, படிப்பு, தூக்கம், கைப்பேசி ஆகியவற்றில் பெற்றோர் சொல்வதே முடிவாக இருக்கட்டும். மாற்றுக் கருத்து இருந்தால் பிள்ளைகள் இல்லாதபோது பேசிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தானே நிற்கும்? அந்த நாட்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கூடுமானவரை மகனிடம் விட்டுவிட்டு, நீங்கள் இருவரும் தள்ளிப்போட்டு வந்த கண், சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகளை முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் துபாயில் வேலை செய்கிறோம். மூன்று வயது மகள் கீழக்கரையில் என் பெற்றோரிடம் வளர்கிறாள். வீடியோவில் அழைத்தால் எங்களிடம் பேசாமல் பாட்டியின் மடியில் முகம் புதைத்துக்கொள்கிறாள். என் மனைவி தினமும் அழுகிறாள்.
(ஒரு தந்தை, துபாய்)

பதில்: தம்பி, உங்கள் மனைவியின் வேதனை புரிகிறது. ஆனாலும் அந்தக் குழந்தை பயந்தவுடன் ஓடிச் சேர ஒரு மடி இருப்பது பெரும் பேறு. ஒருவரிடம் உறுதியான பற்று வைத்த குழந்தைக்கு மற்றவர்களிடமும் பற்று வைக்க முடியும். பாட்டியிடம் காட்டும் அன்பு தாய்க்கு உரியதிலிருந்து கழிக்கப்பட்டதன்று. தினமும் ஒரே நேரத்தில், சிறிது நேரமே அழையுங்கள். ‘பேசு, பேசு’ என்று வற்புறுத்தாமல், அங்கே அவள் கையில் உள்ள பொம்மையைப் போன்ற ஒன்றை இங்கே நீங்கள் வைத்துக்கொண்டு விளையாடிக் காட்டுங்கள். ஊருக்கு வந்ததும் அவளைப் பாட்டியிடமிருந்து உடனே பிரித்து அழைத்துச் சென்றுவிடாதீர்கள். சில வாரங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்து, குளிப்பாட்டுவது, ஊட்டுவது என ஒவ்வொரு வேலையாக உங்கள் மனைவி ஏற்றுக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போது, குழந்தையை வளர்ப்பதால் மட்டும் தாத்தா பாட்டி சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. பள்ளிச் சேர்க்கையிலோ அவசர சிகிச்சையிலோ அவர்கள் தடுமாறாதபடி, உங்கள் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதத்தை இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவையும் அவர்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம் ஆகிறது. நான் பாசி எடுக்கப் போகும் நாட்களில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். குழந்தை அழுதால் நாக்கில் தேன் தடவுகிறார். சொன்னால் கோபிப்பார். என்ன செய்வது?
(ஓர் இளம் தாய், மண்டபம்)

பதில்: இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், தங்கையே. ஒரு வயது நிறையும் வரை தேன் துளியும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கினால், தசைகள் தளர்ந்து மூச்சு விடுவதே சிரமமாகிவிடும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும். பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி மூடி, நிழலான இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். நம் ஊர் வெக்கையில் அதை அதிக நேரம் வைக்காமல், கொதிக்க வைத்த கரண்டியால் மாமியார் ஊட்டிவிடட்டும். தேனைப் பற்றி நீங்கள் சொன்னால் குறை சொல்வதாக அவருக்குத் தோன்றலாம். ஆகவே அடுத்த தடுப்பூசி நாளில் அவரையும் அழைத்துச் சென்று, கிராம சுகாதாரச் செவிலியரையே நேரில் விளக்கச் சொல்லுங்கள்.