மோல்டுக்குக் கோட்டிங் போட்டால் பாலிஷ் வேலை மிச்சமாகுமா?

சின்னதாக இன்ஜெக்‌ஷன் மோல்டிங் யூனிட் நடத்துகிறீர்கள். கேவிட்டியை, அதாவது பிளாஸ்டிக்குக்கு வடிவம் தரும் மோல்டின் உள்பள்ளத்தை, முழுசாகப் பாலிஷ் போடாமல், மேலே மெல்லிய கோட்டிங் கொடுத்தே மழமழப்பாக்கிவிட முடியுமா, எந்தக் கோட்டிங் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. ஒரே ஒரு வகை மட்டும் விதிவிலக்கு, அதை அப்புறம் சொல்கிறேன்.

எனக்கு வேலந்தாவளம். பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில், மோல்டு செய்யும் ஒரு டூல் ரூமில் 18 வருஷமாக வேலை. சேர்ந்த புதிதில் கண்ணாடி மாதிரி தெரிய வேண்டிய ஒரு டப்பா மூடிக்குக் கேவிட்டி பாலிஷ் போடச் சொன்னார்கள். டெலிவரி அவசரம். 400 நம்பர் எமரி பேப்பர் (நம்பர் கூடக் கூட நைசாகும்) முடித்ததும் 600-ஐ விட்டுவிட்டு 800-க்குத் தாவிவிட்டேன். டைமண்ட் பேஸ்ட் போட்டதும் முகம் தெரிந்தது. மேலே ஹார்டு குரோம் பூச்சு ஏறுகிறதே, மிச்சத்தை அது மூடிவிடும் என்று நம்பிக் கோயம்புத்தூருக்குப் பிளேட்டிங்குக்கு அனுப்பிவிட்டோம்.

திரும்பி வந்து முதல் ஷாட் அடித்தோம். மூடியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் நடுவில் மூன்று கோடு, மூன்றும் ஒரே சாய்வில். எங்கள் பாலிஷ் சேட்டன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நானூறின்டெ வரயா இது" என்றார். 400 எமரி இழுத்த கோடு என்று அர்த்தம். குரோமைக் கழற்றி, மறுபடி 400-லிருந்து ஆரம்பித்து, மறுபடி பிளேட்டிங் போட்டு மோல்டை மெஷினில் ஏற்ற 11 நாள் ஆனது.

ஏன் மூடவில்லை? மோல்டுக்குப் போடும் ஹார்டு குரோம் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான். தங்க நிறத்தில் இருக்கும் டைட்டானியம் நைட்ரைடு 2 முதல் 4 மைக்ரான்தான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். இந்த அளவு மெல்லிசான பூச்சு பள்ளத்தைத் தேடிப் போய் நிரப்புவதில்லை. மேடு, பள்ளம் இரண்டின் மேலும் படிந்து, கீழே இருக்கும் கோட்டை அப்படியே மேலே கொண்டுவருகிறது. குரோமில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதைக் கரண்ட் விட்டுத்தான் படிய வைப்பார்கள், கரண்ட் ஓரங்களில்தான் அதிகம் பாயும். அதனால் விளிம்பில் தடிமனாக ஏறும், ஆழமான ரிப்புக்குள் (ஒடுங்கிய பள்ளத்துக்குள்) ஒன்றுமே ஏறாமல் போகும்.

அப்படியென்றால் எதற்குக் கோட்டிங்? தேய்மானம், அரிப்பு, ஒட்டுதல் இந்த மூன்றுக்கும்தான். கிளாஸ் ஃபைபர் கலந்த நைலான் ஓட்டினால் பிளாஸ்டிக் உள்ளே நுழையும் கேட் பக்கம் ஸ்டீல் அரம் போட்ட மாதிரி தேயும். பிவிசி சூடு அதிகமானால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும், கேவிட்டி பொரிந்துபோகும். ரிப்பும் மூலையும் நிறைந்த மோல்டுக்கு எலக்ட்ரோலெஸ் நிக்கல் எனக்குப் பிடிக்கும். கரண்ட் இல்லாமல் சுமார் 90 டிகிரிக் குளியலில் படிவதால் உள்மூலை வரை ஒரே கனத்தில் ஏறும்.

டைட்டானியம் நைட்ரைடு கேட்டால் முதலில் உங்கள் ஸ்டீல் எத்தனை டிகிரியில் டெம்பர் ஆனது (கடினமாக்கிய பிறகு மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தியது) என்று பாருங்கள். அந்தக் கோட்டிங் போடும்போது சூடு 450 டிகிரி வரை போகும். எச்13 வகை ஸ்டீல் தாங்கும். ஓஎச்என்எஸ் வகை ஸ்டீலில் செய்த இன்செர்ட்டை (மோல்டில் பொருத்தும் துண்டை) 200 டிகிரி பக்கம் டெம்பர் செய்திருந்தால் மேலே தங்கமாக இருக்கும், உள்ளே மெத்துப்போய்விடும்.

சரி, அந்த விதிவிலக்கு. சிலிக்கா வகைத் திரவப் பூச்சுகள் உண்டு. ஈரமாகப் பூசியதும், குளத்துத் தண்ணீர் தானே மட்டமாவது போல, பரப்பு இழுவிசை அதைச் சமப்படுத்தும். பிறகு சூடேற்றினால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். மெல்லிய எமரிக் கோடுகளை இது உண்மையிலேயே நிரப்பும். ஆனால் ஏற்ற இறக்கத்தின் அகலம் இரண்டு மடங்கானால் சமமாக எடுக்கும் நேரம் 16 மடங்காகும். அதற்குள் பூச்சு காய்ந்துவிடும். ஆகவே மில்லிங் கட்டர் விட்ட படிகளும் கண்ணுக்குத் தெரியும் அலைகளும் இதில் போகாது. எந்த வழியானாலும் கல் போட்டுத் தேய்ப்பது உங்கள் கையில்தான்.

இன்னொன்று, எல்லா மோல்டுக்கும் கண்ணாடிப் பளபளப்பு தேவையில்லை. பாலிப்ரொப்பிலீன் டப்பா ஓட்டும்போது டப்பாவின் உட்புறத்தை உருவாக்கும் கோர் ரொம்ப வழவழப்பாக இருந்தால் இடையில் காற்று நுழைய வழியில்லாமல் பார்ட் கவ்விக்கொள்ளும். அங்கே கழலும் திசையிலேயே இழுத்து, லேசான கோடு விட்டு நிறுத்துவோம்.

எங்கள் ஊரில் ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும்போது, பாலிஷ் போட்ட ஸ்டீலில் விரல் பட்டால் மறுநாளே ரேகை துருவாகத் தெரியும். பாலிஷ் முடிந்ததும் கையுறை போட்டு, ஆன்டி ரஸ்ட் அடித்துப் பொதிந்துதான் அனுப்ப வேண்டும்.

பொதிவதற்கு முன்னால் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் பேஸ்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, டியூப்லைட்டின் பிம்பம் கேவிட்டியில் விழும்படி பிடித்துப் பாருங்கள். பிறகு 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை. பேஸ்ட் எண்ணெய் இருக்கும்வரை கோடு ஒளிந்தே இருக்கும், ஒரு பக்கம் மட்டும் பார்த்தாலும் தப்பித்துவிடும். கோடு தெரிந்தால் அது எந்த எமரியின் கோடோ அந்த எமரிக்கே திரும்பிப் போங்கள்.