கையெழுத்து போட்டால் வல்லூறு பிழைக்குமா?

கேள்வி: எங்கள் கல்லூரி இயற்கை மன்றத்தில், பருந்து, வல்லூறு, ஆந்தை போன்ற பறவைகளைக் கொல்வதைத் தடுக்கக் கோரி 600 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். "கையெழுத்தால் ஒரு பறவையாவது பிழைத்திருக்கிறதா?" என்று ஆசிரியர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள் அம்மா. (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: பிழைத்திருக்கிறது கண்ணு, லட்சக்கணக்கில் பிழைத்திருக்கிறது. அது நடந்த ஊருக்கு நேரில் போய் வந்தவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

நாகாலாந்தில் வோக்கா மாவட்டத்தில் தோயாங் என்று ஓர் ஆறு, அதில் ஓர் அணை. பக்கத்தில் பாங்டி என்ற ஊர், லோத்தா நாகர்கள் வாழ்வது. சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமூர் வல்லூறுகள் அக்டோபர் நடுவில் அங்கே வந்து இறங்கும். நம் மாடப்புறாவை விடச் சின்னப் பறவை. ஈசலைத் தின்று உடம்பேற்றிக்கொண்டு நவம்பர் முடிவதற்குள் கிளம்பிவிடும்.

2012 அக்டோபரில் பானோ ஹராலு என்ற பத்திரிகையாளரும் ராம்கி சீனிவாசன் உள்ளிட்ட இயற்கை ஆர்வலர்களும் அங்கே போய்ப் படம் எடுத்தார்கள். பறவைகள் அடைய வரும் வழியெல்லாம் மரத்துக்கு மரம் மீன் வலை கட்டியிருந்தது. சிக்கியவற்றைக் கொசுவலைக்குள் உயிரோடு அடைத்துவைத்து, பிறகு இறகு பிடுங்கிப் புகைபோட்டு விற்றார்கள். ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 பறவைகள், பருவம் முழுக்க 1,20,000க்கும் மேல் என்று அந்தக் குழு கணக்கிட்டது. அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

படங்கள் வெளிவந்ததும் நாடு முழுவதிலுமிருந்து கண்டனம் குவிந்தது. உங்களைப் போன்ற பிள்ளைகள்தான் நிறையப் பேர் எழுதினார்கள். அதிகாரிகள் ஓடிவந்தார்கள், வலைகளை அகற்றினார்கள். ஒன்று கவனியுங்கள்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலிருந்தே இருக்கிறது. அதை அந்தக் கரைக்குக் கொண்டுவந்தது வெளியிலிருந்து எழுந்த இந்தச் சத்தம்தான். உங்கள் ஆசிரியருக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. நாகாலாந்தில் காடு பெரும்பாலும் ஊர்க்காரர்களுடையது. ஊர்மன்றம் ஒப்புக்கொள்ளாவிட்டால் எந்தச் சட்டமும் அங்கே நிலைக்காது. வனத்துறை, தொண்டு அமைப்புகள், தேவாலயங்கள் எல்லாரும் ஊரோடு உட்கார்ந்து பேசினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்கை மன்றம் தொடங்கினார்கள். பாங்டி, ஆஷா, சுங்ரோ ஆகிய ஊர்மன்றங்கள் வேட்டைக்குத் தடை போட்டு, மீறினால் அபராதம் என்று தீர்மானித்தன. 2013 பருவத்தில் அங்கே வலை ஏறவில்லை. ஒரே வருடத்தில் ஓர் ஊர் இப்படி மாறியது வேறெங்கும் நடந்து நான் கேள்விப்பட்டதில்லை.

2017 நவம்பரில் நான் போனேன். திமாப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் சுமோவில் முதுகு ஒடிய வோக்கா, அங்கிருந்து பாங்டி. தங்கிய வீட்டுக்காரர் ஒரு காலத்தில் வலை கட்டியவர். முதல் நாள் என்னோடு சரியாகவே பேசவில்லை. வெளியூர்க்காரர்கள் தங்களைக் கொலைகாரர்கள் என்று எழுதியது அவர் மனதில் அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து, தெரிந்த இந்தியில் சொன்னார். அவருடைய நிலம் அணைத் தண்ணீருக்குள் போய்விட்டதாம். மீன் பிடிக்கத்தான் வலை வாங்கினாராம். பறவை விற்ற காசில்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினாராம். ஊர் முடிவெடுத்ததும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார். என்னைப் போல வந்து தங்குகிறவர்களால் வரும் பணம் வருடத்தில் ஒரு மாதம்தான். மீதி பதினோரு மாதம் அவர் கூலிக்குப் போகிறார். வல்லூறுக்காக நான் இழந்தது எதுவுமில்லை, அவர் இழந்தார். அந்த அடுப்படியில் எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள் விடியுமுன்னே டார்ச்சோடு எழுப்பிக் கூட்டிப்போனார். வெளுக்க வெளுக்க மரத்திலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் பறவைகள் கிளம்பின. வானம் தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இங்கிலாந்துக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஒரு வகைப் பூனைப்பருந்துக்கு 1954இலிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. க்ரௌஸ் என்ற, கவுதாரி மாதிரியான பறவையைப் பணக்காரர்கள் சுட்டு விளையாடுவதற்கென்றே மேட்டுநிலங்களை வைத்திருக்கிறார்கள். பருந்து க்ரௌஸ் குஞ்சைத் தின்னும் என்பதால் அதை ரகசியமாகக் கொல்கிறார்கள். செயற்கைக்கோள் கருவி பொருத்திய 58 பருந்துகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் 72 சதவீதம் கொல்லப்பட்டது உறுதி, அல்லது கொல்லப்பட்டிருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்றது. க்ரௌஸைத் துரத்திவந்து சுடும் வேட்டையைத் தடை செய்யக் கேட்டு 1,23,000 பேர் கையெழுத்திட்ட மனு 2016 அக்டோபர் 31 அன்று நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. தடை வரவில்லை. நிலத்துக்காரர்கள் மனம் மாறவில்லை, அதுதான் பாங்டிக்கும் இங்கிலாந்துக்கும் வித்தியாசம். ஆனாலும் மக்கள் விடவில்லை. ஸ்காட்லாந்தில் 2024இல் க்ரௌஸ் வேட்டைக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது.

சரி, உங்கள் 600 கையெழுத்தையும் மாவட்ட வன அலுவலரிடம் நேரில் கொடுங்கள். கூடவே ஒரு தாளில் எந்த ஊர், எந்தப் பறவை, யார் பிடிக்கிறார்கள், ஏன் பிடிக்கிறார்கள், விட்டுவிட்டால் அவர்கள் வயிற்றுக்கு என்ன வழி என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் முதலில் அந்த ஊருக்குப் போய் உட்காருங்கள்.

கேள்வி: அமூர் வல்லூறு கடலையே தாண்டுகிறதாமே, உண்மையா? (ஏழாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்)

பதில்: உண்மை ராசா. 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்கு, எங்கே போகின்றன என்று காட்டும் சின்னக் கருவி மாட்டிவிட்டார்கள். நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர். நாகாலாந்தில் கிளம்பி, இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடல் மேல் பறந்து சோமாலியா போய்ச் சேரும்வரை ஐந்தாறு நாள் எங்கேயும் இறங்குவதில்லை. வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். அதே சமயத்தில் தட்டான்களும் கடல் தாண்டுவதால் வழியில் அவற்றைப் பிடித்துத் தின்னும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். 2018இல் மணிப்பூரில் கருவி மாட்டிய ஒரு பறவைக்கு மணிப்பூர் என்றே பெயர் வைத்தார்கள். சில நாளிலேயே அதை யாரோ கொன்றுவிட்டார்கள். உன் வகுப்பில் இதையும் சேர்த்துச் சொல்.

கேள்வி: நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பருந்தும் வைரியும் இந்த மாதம் மட்டும் 11 குஞ்சுகளைத் தூக்கிவிட்டன. செத்த குஞ்சில் குருணை மருந்து தடவி வைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. (வாசகி, காங்கேயம்)

பதில்: ஒப்பாதது நல்லது. வைக்க விடாதீர்கள். அந்த மருந்து பருந்தோடு நிற்காது. காக்கை தின்னும், உங்கள் நாய் தின்னும், மிச்சத்தைக் குழந்தை கையில் எடுக்கும். சட்டப்படியும் குற்றம்.

பதினோரு குஞ்சு என்பது சின்ன நஷ்டம் இல்லை, எனக்குத் தெரியும். என் அம்மா முட்டை விற்ற காசில்தான் நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அம்மா செய்ததைச் சொல்கிறேன். பொரித்து ஐந்து வாரம்வரை குஞ்சைத் திறந்தவெளியில் விடமாட்டார். வெயில் நேரத்தில் கொடாப்பு போட்டு மூடிவிடுவார். மேயவிட்டாலும் வேலியோரம், புதர் நிழல் இருக்கிற பக்கம்தான். வெட்டவெளி முற்றம் என்றால் மேலே பழைய வலையைச் சின்னக் கண்ணாக, தளர்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொங்கவிட்டால் பறவை சிக்கிக்கொள்ளும். தோட்டத்தில் கரிச்சான் கூடு கட்டினால் கலைக்காதீர்கள். இரட்டைவால் வைத்திருக்கும் அந்தக் கறுப்புக் குருவி தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தையும் கொத்தித் துரத்தும். அதன் கூட்டுக்குப் பக்கத்தில் மேயும் குஞ்சுகளுக்குப் பயம் குறைவு.

கேள்வி: என் பசு காலில் அடிபட்டு வலியில் கிடந்தபோது, டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போடச் சொன்னேன், மருத்துவர் மறுத்துவிட்டார். கேட்டால் பாறு கழுகு என்கிறார். மாட்டுக்கும் கழுகுக்கும் என்ன சம்பந்தம்? (விவசாயி, சத்தியமங்கலம்)

பதில்: உங்கள் மருத்துவர் நல்லவர். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். 1990களிலிருந்து இந்தியப் பாறு வகைகள் சிலவற்றில் நூற்றுக்கு 95க்கு மேல் அழிந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். மாட்டுக்கு இதைக் கொடுப்பதை 2006இலேயே தடை செய்துவிட்டார்கள். அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய குப்பியை மாட்டுக்குப் போட்டார்கள் என்று 2015இல் ஊசிக் குப்பியை 3 மில்லிக்குக் குறைத்தார்கள். அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளும் 2023இல் மாட்டுக்குத் தடையாயின.

உங்கள் மாட்டின் வலிக்கு மெலாக்சிகம் கேளுங்கள், அது பாறுக்குக் கெடுதல் செய்யாது. தமிழ்நாட்டில் பாறு மிஞ்சியிருப்பது முக்கியமாக உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான். உங்கள் மாடு என்றைக்காவது சிறுத்தைக்குப் பலியானால், தயவுசெய்து அதன் உடலில் விஷம் வைக்காதீர்கள். வனத்துறைக்குச் சொல்லி இழப்பீட்டுக்கு எழுதிக்கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் இந்தப் பகுதிக்கே ஒரு கார்டு போடுங்கள், நானே எழுதி அனுப்புகிறேன்.