82 பைசா எங்கிருந்து வந்தது?

கேள்வி: கோத்தகிரி பக்கத்து ஹட்டியில் இருக்கிறேன். ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஃபேக்டரியிலிருந்து இலைப் பணம் என் பாங்க் கணக்குக்குத்தான் வரும். ஆறு மாதம் கழித்துப் போன வாரம் பாஸ்புக் பதியப் போனேன். மாதாமாதம் 7-ம் தேதி 470 ரூபாய் 82 பைசா ஏதோ டெலிபோன் கம்பெனி பெயரில் போயிருக்கிறது. பக்கத்தில் ‘ஏசிஹெச் டெபிட்’ என்று அச்சாகியிருக்கிறது. என்னிடம் இருப்பது பட்டன் போன். கடையில் காசு கொடுத்துத்தான் ரீசார்ஜ் செய்கிறேன். பாங்கிலிருந்து ஒரு மெசேஜ்கூட வந்ததில்லை. நடுவில் இரண்டு தடவை 17.70 வேறு எடுத்திருக்கிறார்கள். அதுவும் அந்தக் கம்பெனிதானா? பாங்கில் கேட்டால், ‘நீங்க சம்மதிக்காம போகாதும்மா’ என்கிறார்கள். கார்டு, கணக்கு விஷயமெல்லாம் கோவையில் வேலை பார்க்கும் மகன்தான் பார்ப்பான். பயந்துவிடுவானே என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: முதலில் மகனுக்குப் போன் போடுங்கள் அம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த 82 பைசாவைப் பாருங்கள். போன், இன்டர்நெட் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கடையில் நீங்கள் போடும் ப்ரீபெய்டு ரீசார்ஜில் வரி விலைக்குள்ளேயே அடங்கிவிடும். 299 என்றால் 299-தான், பைசா வராது. போஸ்ட்பெய்டு பில்லிலும் வீட்டு ஃபைபர் இணைப்பிலும் வரியை மேலே போடுவார்கள். 399 ரூபாய் திட்டத்துக்கு வரி 71.82. இரண்டையும் கூட்டினால் உங்கள் 470.82 அப்படியே வந்துவிடும். 99-ல் முடிகிற எந்தத் திட்டத்தோடு 18 சதவீதம் சேர்த்தாலும் கடைசியில் 82 பைசாதான் நிற்கும். 499 திட்டம் 588.82, 599 திட்டம் 706.82. பாஸ்புக்கில் தெரியாத தொகையைப் பார்த்தால் நான் முதலில் செய்வது, கால்குலேட்டரில் அதை 1.18-ஆல் வகுப்பதுதான். முழு ரூபாய் வந்தால் பெரும்பாலும் அது வரி சேர்ந்த பில்.

ஆக, 399 ரூபாய் போஸ்ட்பெய்டு அல்லது ஃபைபர் இணைப்பு ஒன்றுக்கு உங்கள் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போகிறது. திருடுகிறவன் ஜிஎஸ்டி கணக்குப் போட்டு, தேதி தவறாமல் 7-ம் தேதி எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். கிடைத்தால் மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போவான்.

இப்போது 17.70-க்கு வருவோம். அதையும் 1.18-ஆல் வகுத்தால் 15 ரூபாய். பல வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எஸ்எம்எஸ் கட்டணம் இது. ஆறு மாதத்தில் இரண்டு தடவை என்பதும் சரியாகப் பொருந்துகிறது. இது பாங்க் எடுப்பது, போன் கம்பெனி இல்லை.

எனக்கு உறுத்துவதும் இந்தச் சின்னத் தொகைதான். மெசேஜ் அனுப்பப் பாங்க் காசு வாங்குகிறது. உங்களுக்கு மெசேஜ் வருவதில்லை. அப்படியென்றால் அது வேறு யாருடைய போனுக்கோ போகிறது. மலைச் சரிவில் டவர் கிடைக்காமல் ஒன்றிரண்டு தவறலாம், ஆறு மாதமும் தவறாது. கார்டு வாங்கிய சமயத்தில் மகன் தன் நம்பரைக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஊட்டி, குன்னூர் பக்கமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் இது சகஜம்: கணக்கு அம்மா பெயரில், நம்பர் பிள்ளையுடையது.

‘ஏசிஹெச்’ என்றால், கணக்கிலிருந்து தவணை தவணையாக எடுத்துக்கொள்ள முன்கூட்டியே கொடுத்த அனுமதியின் பேரில் பணம் போகிறது என்று அர்த்தம். பாங்க்காரர்கள் இதை மேன்டேட் என்பார்கள். இதற்குப் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும் என்றில்லை. ஏடிஎம் கார்டு விவரமும், பதிவான நம்பருக்கு வரும் ஓடிபியும் போதும். இரண்டும் யார் கையில் இருந்தன? கோவையில் ரூமுக்கு நெட் போடும்போது, ‘அம்மா கணக்கில் எப்படியும் பணம் இருக்கும்’ என்று கொடுத்துவிட்டு மறந்திருக்கலாம். திட்டாமல் கேளுங்கள்.

அவர்தான் என்றால் புகார் வேண்டாம். அவர் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளட்டும். மேன்டேட்டை மட்டும் ரத்து செய்தால் இணைப்பு ரத்தாகாது. பில் ஏறிக்கொண்டே போகும். முதலில் அவர் கணக்கில் புதிதாகப் பதிந்துவிட்டு, அப்புறம் உங்களுடையதை நிறுத்துங்கள். இலைப் பணம் வரத் தாமதமாகி 7-ம் தேதி கணக்கு காலியாக இருந்தால், மேன்டேட் திரும்பியதற்குப் பாங்க் தனியாக அபராதம் போடும், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. பில் தொகையில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். இலை விலை இறங்கிக் கிடக்கும்போது இது தேவையா?

மகன் ‘நான் இல்லை’ என்றால், அன்றைக்கே பாங்குக்குப் போங்கள். வாய்வார்த்தையாகக் கேட்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஆறு தவணை, மொத்தம் 2,824 ரூபாய் 92 பைசா, நான் அனுமதி தரவில்லை, மேன்டேட் நகல் வேண்டும், உடனே நிறுத்துங்கள். நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மேன்டேட்டில் அதிகபட்சத் தொகையும் முடியும் தேதியும் இருக்கும். அந்த அதிகபட்சம் பல சமயம் பில்லைவிட நிறையப் பெரியதாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ‘நீங்க சம்மதிக்காம போகாது’ என்று கவுன்டரில் சொன்னால் போதாது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது. உங்கள் பக்கம் தவறில்லாமல் மூன்றாவது ஆள் எடுத்த பணமென்றால், வங்கி தகவல் தந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் முழுக்க வங்கிக்கு. ஏழு வேலை நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக் பதிவது போதாது என்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பட்டன் போனில் முடியாது, மகனையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம். போலி நம்பர்கள் நிறைய உலவுகின்றன. ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்க’ என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

இரண்டில் எது உண்மையானாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்குப் போய், கணக்கில் உங்கள் பட்டன் போன் நம்பரைப் பதியச் சொல்லுங்கள். அடுத்த மாதம் 7-ம் தேதி போன் சிணுங்குகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.